வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பிவிடும் ரூடி

ரூடி மட்டிலா வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு அடித்ததும் கிளம்பிவிடுவான். பதினோரு வருஷமாக இதே கதைதான். கெஞ்சினாலும் சரி, திட்டினாலும் சரி, சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவன் எங்களோடு உட்கார்ந்ததே கிடையாது. இந்த வருஷம் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். அதில் என் முட்டாள்தனமும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் பேர் வெர்னா. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். இப்போது கோடை முழுக்க கூஸ்நெக் ஏரி மாநிலப் பூங்காவில் முகாம் பொறுப்பாளர். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள், சம்பளம் கிடையாது. வண்டிக்குப் பின்னால் இழுத்து வருகிற என் டிரெய்லர் வீட்டை நிறுத்த இடமும் கரண்டும் இலவசம். அதற்குப் பதிலாகக் கழிப்பறையில் காகிதம் வைக்க வேண்டும், அடுப்புக் குழிகளில் சாம்பல் அள்ள வேண்டும், பத்து மணிக்கு மேல் பாட்டுப் போடுகிறவர்களைப் போய் முறைக்க வேண்டும். முறைப்பதில் என்னை அடித்துக்கொள்ள இந்த மாவட்டத்தில் ஆள் இல்லை.

ரூடிக்கு ஐம்பத்தாறு வயது. படகு மோட்டார் ரிப்பேர் செய்கிறான். ராணுவத்தில் ஈராக் போனபோது, ரோட்டோரம் புதைத்து வைக்கிற குண்டுகளைத் தேடி எடுக்கிற வேலை. "நான் குண்டத் தேடிப் போனேன், அது என்னை முந்திக் கண்டுபிடிச்சிருச்சு" என்பான். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அந்தப் பக்கக் காதும் மந்தம்.

உடம்பில் ஊனத்தோடு திரும்பின படைவீரர்களுக்கு எங்கள் பூங்காவில் பாதிக் கட்டணம். ஞாயிறு ராத்திரியிலிருந்து வியாழன் ராத்திரி வரைக்கும்தான். வெள்ளியும் சனியும் ஊருக்கெல்லாம் என்னவோ அதுதான் அவர்களுக்கும். பதிவு அவர்கள் பேரிலேயே இருக்க வேண்டும், அவர்களே வந்து தூங்கவும் வேண்டும். சில பேருக்கு அந்தச் சலுகை அட்டையை நீட்டவே கூச்சம், சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு முழுசாகக் கட்டிவிட்டுப் போவார்கள். ரூடி அப்படியில்லை. முதல் வருஷமே அலுவலக மேஜையில் அட்டையை டப்பென்று வைத்தான்.

"காலு போச்சு, பாதி வாடகை வந்துச்சு. பேரம் அப்படி ஒண்ணும் மோசமில்ல" என்றான். எனக்கு அந்த நிமிஷமே அவனைப் பிடித்துப்போயிற்று.

ஆனால் அந்தச் சலுகையை அவன் ஏதோ வேதவாக்கு மாதிரி எடுத்துக்கொண்டான், அதுதான் தொல்லை. பாதிக் கட்டணம் இல்லாத ராத்திரியில் அவன் தங்க மாட்டான். சனிக்கிழமை ஐந்து மணிக்கு என் இடத்தில் நீள மேஜை போடுவோம். ஆளுக்கு ஒரு பதார்த்தம். எங்கள் கூட்டாளி கோர்டி அன்று பிடித்த மீனைப் பொரிப்பான், நான் கொத்துக்கறிக்கு மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி ஒரு பெரிய தட்டு சுட்டு வைப்பேன். "இந்த ஒரு வாரம் இருந்துட்டுப் போயேன்யா" என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்!

"இன்னொரு காலு முளைக்கட்டும் வெர்னா, முழு வாடகை கட்டறேன்" என்பான். வண்டி கிளம்பி, புழுதி அடங்கி, அந்த இடம் காலியாகக் கிடக்கும். வெளியே சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அவனுடைய இடம் பதினாலாம் நம்பர். வேறு எதிலும் அவன் நிறுத்த மாட்டான், அது பிடிவாதமும் இல்லை. மற்ற இடங்களில் ஏரிக்கு இறங்கக் கல்லும் படியும் சரிவுமாக இருக்கும். பதினாலில் மட்டும்தான் டிரெய்லர் வாசலிலிருந்து தண்ணீர் வரைக்கும் சமதரை, மணல். வாசல் பக்கம் ஒரு பிர்ச் மரம், தண்ணீரில் ஒரு மரப் படகுத்துறை. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் ரூடி முதல் வேலையாக அந்த மரத்திலிருந்து துறையின் கம்பம் வரை ஒரு கயிறு கட்டுவான். காலையில் செயற்கைக் காலைக் கழற்றி மேஜை மேல் நிற்க வைப்பான், அதன் தலையில் தன் தொப்பியை மாட்டுவான். அப்புறம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்திப் போய் ஏரியில் விழுவான். ஒரு மணி நேரம் வெளியே வர மாட்டான்.

"தண்ணிக்குள்ள யாருக்கும் காலு வேண்டாம்" என்று அங்கிருந்தே கத்துவான்.

மரத்தில் கயிறு கட்டக் கூடாது என்பது பூங்கா விதி. அந்த விதியை எல்லாரிடமும் நான்தான் சொல்ல வேண்டும். பதினாலைத் தாண்டும்போது மட்டும் எனக்கு எப்போதும் எதிர்ப்பக்கம் ஏதாவது பறவை தென்பட்டுவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பூங்காவில் ஒரு இடம் வேண்டுமென்றால் நூற்றிருபது நாளைக்கு முன்னால், காலை எட்டு மணிக்கு, கம்ப்யூட்டரில் எடுக்க வேண்டும். ஜூலை மாச ஏரிக்கு மார்ச் மாசப் பனியில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். எட்டு மணி ஒரு நிமிஷத்துக்கெல்லாம் எல்லாம் போய்விடும். வருஷா வருஷம் போட்டி கூடிக்கொண்டே வருகிறது. போன கோடையில் ரூடிக்கு ஒரு வாரம் கைநழுவிப் போயிற்று. பேருந்து நீளத்துக்கு வண்டி வைத்திருந்த ஒரு நகரத்துக்காரன் பிடித்துக்கொண்டான்.

பிப்ரவரியில் லைலின் கடையில் காப்பி குடிக்கும்போது ரூடி சிரித்துக்கொண்டேதான் சொன்னான். லைல் தூண்டில் புழுவும் குட்டி மீனும் விற்கிறவன், கடை மூலையில் எங்களுக்கு ஒரு மேஜை. "இந்த வருஷமும் பதினாலு போச்சுன்னா அவ்வளவுதான். டிரெய்லர வித்துருவேன்."

எங்கள் ஊரில் யாராவது மனசில் இருப்பதைச் சொல்லிவிட்டால் உடனே வானிலையைப் பற்றிப் பேசுவோம். அன்றைக்கும் பனியைப் பற்றித்தான் பேசினோம். ஆனால் நான் மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன். ரூடியின் வீட்டு இன்டர்நெட் ஆமை வேகம். அவனுக்கு முந்தி நான் பதினாலைப் பிடித்து, ஜூலையில் அவனிடம் கொடுத்து அசத்துவது. யாரிடமும் மூச்சு விடக் கூடாது. நல்லது செய்துவிட்டு அதைச் சொல்லிக்காட்டுவது எங்கள் பக்கத்தில் பெரிய அசிங்கம்.

ரூடிக்கு ஜூலையில் மூன்று வாரம் வேண்டும். மார்ச்சில் மூன்று சனிக்கிழமை, ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் திறக்கும். முதல் சனிக்கிழமை எட்டு மணிக்கு நான் அமுக்கினேன். கிடைத்துவிட்டது! முழு வாடகையில் ஒரு வாரம்தான் எனக்குக் கட்டுப்படியாகும், அதனால் ஞாயிறிலிருந்து ஞாயிறு வரை ஏழு ராத்திரியும் எடுத்தேன். சனிக்கிழமை அவன் இருக்க மாட்டானா என்கிற நப்பாசைதான், வேறென்ன. சமையலறையில் தனியாக ஒரு ஆட்டம்கூடப் போட்டேன்.

திங்கட்கிழமை லைல் கடைக்கு ரூடி வந்தான். முகம் தொங்கியிருந்தது.

"போச்சு. எட்டு மணி மூணு செகண்டுக்குப் போச்சு."

"எவனாவது நகரத்துக்காரனா இருக்கும்" என்றான் கோர்டி.

"வேற யாரு? படுபாவிங்க" என்றான் லைல்.

"ஏரியையே மூட்ட கட்டிக்கிட்டுப் போயிருவானுங்க" என்று நானும் என் பங்குக்குச் சேர்த்துவிட்டேன். உள்ளுக்குள் ஒரே குஷி. அடுத்த திங்கள், இரண்டாவது வாரமும் போச்சு என்றான். அதற்கடுத்த திங்கள் மூன்றாவதும் போச்சு. அந்த இரண்டும் நிஜமாகவே நகரத்துக்காரன் வேலை என்று நம்பி நான் மனசாரத் திட்டினேன். லைல் இன்னும் பலமாகத் திட்டினான். ரூடி காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

ஏப்ரல் கடைசியில், ஏரியில் ஐஸ் உடைந்த வாரம், ரூடியின் வீட்டு வழியாகப் போனேன். முற்றத்தில் டிரெய்லர். டிரெய்லரில் 'விற்பனைக்கு' என்று ஒரு பலகை. வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கினேன்.

"யோவ், என்ன இது?"

"போர்டு. படிக்கத் தெரியாதா உனக்கு? பஸ் ஓட்டறப்பவும் போர்டயெல்லாம் இப்படித்தான் விட்டுத் தள்ளுனியா?"

"விளையாடாத ரூடி. வேற இடத்துல போடேன். இருபத்தொண்ணு நல்ல இடம், நிழல் இருக்கு."

"இருபத்தொண்ணுல பன்னெண்டு படி இறங்கணும். நான் மேல உக்காந்து ஏரியப் பாத்துக்கிட்டு இருக்கணும். பாக்கறதுக்கு வீட்டுல டிவி இருக்கு வெர்னா." சிரித்தான், ஆனால் கண் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை ஒருத்தன் பாக்க வரான். விலையும் ஒத்துக்கிட்டான்."

உண்மையை அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. முதலில் பதிவை அவன் பேருக்கு மாற்றிவிட்டு வந்து சொல்வோம் என்று நேரே பூங்கா அலுவலகத்துக்கு ஓட்டினேன். அங்கே டெஸ்ஸா என்றொரு பெண், கெட்டிக்காரி. விஷயத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினாள்.

"பேரை மாத்த முடியாதுங்க. நீங்க ரத்து பண்ணணும், அவர் புதுசா எடுக்கணும். ரத்து பண்ண அந்த நொடியே எல்லாருக்கும் திறந்துரும். போன்ல அலாரம் வச்சுக் காத்துக்கிட்டிருக்காங்க ஜனங்க."

"எனக்காக ஒரு தடவை..."

"இதே விதிய மாமியார் பேர்ல பதிவு பண்ணிட்டு வந்த ஒருத்தர்கிட்ட அரை மணி நேரம் நின்னு விளக்கினது யாருங்க?"

நான்தான். மூக்கு உடைந்து வெளியே வந்தேன்.

வியாழக்கிழமை காலை லைல் கடையில் கோர்டியும் லைலும் இருந்தார்கள். ரூடி இல்லை. நான் நாற்காலியில்கூட உட்காராமல் போட்டு உடைத்தேன். "ரூடியோட பதினாலாம் நம்பர், முதல் வாரம், அத எடுத்தது நகரத்துக்காரன் இல்ல. நான்."

திட்டப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். கோர்டி தன் காப்பிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்துகொண்டே வந்தது.

"ரெண்டாவது வாரம் நான்" என்றான்.

தொட்டிக்குள் வலை விட்டுக் குட்டி மீன் அள்ளிக்கொண்டிருந்த லைல் அப்படியே நின்றான். வலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "நான் முதல் வாரத்துக்கும் அமுக்குனேன், ரெண்டாவதுக்கும் அமுக்குனேன். எந்த நாசமாப் போறவனோ முந்திட்டான்னு நெனச்சேன். அது நீங்களா?"

"மூணாவது?" என்றேன்.

"மூணாவது என்கிட்டதான் இருக்கு" என்றான் பரிதாபமாக.

அடக் கடவுளே! ஒரு மனுஷனுக்கு உதவி செய்யப் போய் மூன்று பேரும் சேர்ந்து அவனை ஏரியிலிருந்தே துரத்தியிருக்கிறோம். ஆறு வாரம் ஒரே மேஜையில் உட்கார்ந்து, இல்லாத நகரத்துக்காரனைக் கூட்டாகத் திட்டியிருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள்.

மறுநாள் காலை ரூடியைக் கடைக்கு வரவழைத்தோம். நான்தான் சொன்னேன். அவன் நல்ல காதை என் பக்கம் திருப்பி, முழுசாகக் கேட்டான்.

"குண்டு வச்சவனாவது ஒருத்தன்தான்" என்றான் கடைசியில். "நீங்க மூணு பேரு."

கோர்டி முதலில் சிரித்தான். அப்புறம் எல்லாரும். ரூடி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு திடீரென்று, "நீங்க மூணு பேரும் முழு வாடகையா கட்டுனீங்க?" என்று கேட்டான்.

"பின்ன? எங்களுக்கு யாரு பாதில தருவா?" என்றேன்.

அவன் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். அவன் காப்பியில் சர்க்கரையே போடுவதில்லை.

திட்டம் சுலபம். லைலின் கடைக் கம்ப்யூட்டர் முன்னால் ரூடி உட்கார வேண்டும். நாங்கள் ஒவ்வொருவராகப் போனில் ரத்து செய்ய வேண்டும். திறந்த நொடியில் அவன் பிடிக்க வேண்டும். எங்களில் யாராவது அமுக்குகிறோம் என்றால் கேட்க மாட்டேன் என்றான். "எனக்குக் காலுதான் இல்ல. விரல் பத்தும் இருக்கு."

கோர்டி அவசரக்குடுக்கை. ரூடி கடவுச்சொல்லைப் போட்டு முடிப்பதற்குள் ரத்து செய்துவிட்டான். இரண்டாவது வாரம் ஒரு நிமிஷத்தில் பறந்தது. இந்த முறை நிஜமான நகரத்துக்காரன். கோர்டியை இன்றைக்கும் அதற்காகக் குத்திக்காட்டுகிறோம்.

லைலின் வாரம் கைக்கு வந்தது. ரூடி விரல் வைத்தான், பிடித்தான், கடையே கத்தியது. கடைசியாக என்னுடையது.

"ரெடியா?"

"ரெடி."

அமுக்கினேன். திரையில் பதினாலு பச்சையாக மாறியது. ரூடி அமுக்கவில்லை. கண்ணைச் சுருக்கி எதையோ பார்க்கிறான், எதையோ மாற்றுகிறான், முதுகால் திரையை மறைத்துக்கொள்கிறான்.

"என்னய்யா பண்ற? சலுகைக் கட்டத்த அப்புறம் பாத்துக்கலாம், பிடிய்யா முதல்ல!"

"கொஞ்சம் வாய மூடு தாயே."

"போயிரும்! பாதி வாடகைக்கு ஆசப்பட்டு மொத்தத்தையும் விடப் போற!" நான் அவன் நாற்காலியைப் பிடித்து உலுக்கினேன். லைல் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆச்சு" என்றான் ரூடி. திரையைச் சட்டென்று மூடிவிட்டான். அப்படியே போனை எடுத்து, டிரெய்லர் வாங்க வர இருந்த ஆளைக் கூப்பிட்டான். "வர வேண்டாங்க. விக்கல." அவ்வளவுதான் பேசினான்.

ஜூலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வாரப் பட்டியலை டெஸ்ஸா என்னிடம் கொடுத்தாள். பதினாலாம் நம்பர், மட்டிலா. ஞாயிறு முதல் அடுத்த ஞாயிறு வரை. ஐந்து ராத்திரி பாதி, இரண்டு ராத்திரி முழுசு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அவசரத்தில், நான் போட்ட கூச்சலில், என்னுடைய ஏழு ராத்திரியையும் அவன் தப்பாக எடுத்துவிட்டான்! டெஸ்ஸாவிடம் வெள்ளியையும் சனியையும் எடுத்துவிடச் சொன்னேன். அவர் வந்து கேட்டால்தான் எடுப்பேன் என்றாள், முகத்தைக் கீழே வைத்துக்கொண்டு. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான்கு மணிக்கு ரூடி வந்தான். நான் போனபோது டிரெய்லரைச் சமமாக நிறுத்தச் சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்திருந்தான். அந்த 'விற்பனைக்கு' பலகைதான், எழுத்து மேலே தெரிய. அவன் பிர்ச் மரத்தில் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான்.

"ரூடி, பெரிய தப்பு நடந்துபோச்சு. உன் பேர்ல ஏழு ராத்திரி விழுந்திருக்கு. வெள்ளி, சனி ரெண்டும் முழு வாடகை. நீ இப்பவே ஆபீசுக்குப் போய்..."

"தப்பு இல்ல."

"என்னது?"

"நானாத்தான் எடுத்தேன். அதுக்குத்தான் அன்னிக்கு அவ்வளவு நேரம் ஆச்சு. தேதிய மாத்தறதுக்குள்ள நீ நாற்காலியோட என்னையும் சேத்துக் கவுத்திருப்ப."

"ஏன்யா, காலு முளைச்சிருச்சா?"

"முளைக்கல." முடிச்சை இழுத்துப் பார்த்தான். "நீங்க மூணு பேரும் நான் தூங்கறதுக்கு முழு வாடகை கட்டுனீங்க. யாருக்கும் சொல்லாம. உங்களோட சாப்பிட நான் ரெண்டு ராத்திரிக்குக் கட்ட மாட்டேனா?" கொஞ்சம் நிறுத்தி, "சனிக்கிழமை நான் என்ன கொண்டு வரணும்?" என்றான்.

முப்பத்தொரு வருஷம் அறுபது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்தவள் நான். அந்தக் கேள்விக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எதிர்ப்பக்கம் பறவை எதுவும் இல்லை, இருந்தாலும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, "பீன்ஸ் கொண்டு வா" என்றேன்.

அந்த வாரம் நல்ல வெயில். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு நான் வேண்டுமென்றே பதினாலு பக்கம் வண்டியை விட்டேன். கயிறு மரத்திலேயே இருந்தது. மேஜை மேல் கால் தொப்பி போட்டுக்கொண்டு நின்றது. ஏரியிலிருந்து ஒரு கை என்னைப் பார்த்து ஆடியது.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு அவன் பீன்ஸோடு வந்தான். வாயில் வைக்க விளங்கவில்லை, அடிப்பிடித்து, உப்பு கரித்தது. நான் இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.